கோடைப் பராமரிப்பு

ஆகஸ்ட் பாதி. சொஹார் கொதிக்கிறது.
அரசுப் பள்ளிகள் திறக்க இன்னும் பதினேழு நாள்.
அதற்குள் எங்கள் கம்பெனிக்கு
நூற்றுப் பன்னிரண்டு ஏசி.
ஏணியில் பொன்னுலிங்கம்,
கீழே நான், கையில் டேப்லெட்,
அதில் அமைச்சகத்தின் படிவம்.

வடிகட்டியைக் கழற்றினால்
ஒரு வருஷத்து வகுப்பு மொத்தமாக விழுகிறது:
பென்சில் சீவல், தலைமுடி,
காகித ராக்கெட்டின் ஒரு சிறகு,
யாரோ யாருக்கோ எழுதி மேலே எறிந்த துண்டுச் சீட்டு.
சின்ன வயதில் ஓதக் கற்ற எழுத்து;
கூட்டி வாசித்தேன், பொருள் பிடிபடவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

என் தொழிலில் பிள்ளை என்றால் வெப்பம்.
சும்மா உட்கார்ந்திருந்தால் நூறு வாட்,
பழைய குண்டு பல்பு ஒன்று.
முப்பது பல்புக்கு இந்த அறை,
முப்பது பல்புக்கு இந்த இயந்திரம்
என்கிறது வரைபடம்.
அதன் மூலையில் முத்திரை, கையெழுத்து, தேதி.

நாற்காலிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

சாவிக்கொத்தோடு வந்த ஷம்ஸா டீச்சர்
நூலகத்தைத் திறந்து காட்டினார்.
நடுவில் பிளைவுட். இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு,
அந்தப் பக்கமும் நான்காம் வகுப்பு.
இங்கே வாய்ப்பாடு சொன்னால்
அங்கே செய்யுள் தடுமாறுமாம்,
பாதி உருதுவில் சொன்னார், மீதியைக் கையால்.
புதிய கட்டடம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்தது.
எண்ணெய் விலை இறங்கியது.
கட்டடம் இன்னும் திட்டத்தில்தான் இருக்கிறது.

இத்தனை நாள் இந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம்
எனக்குப் பொறாமை.
கட்டணமில்லை, முற்றத்துக்குக் கூரை உண்டு.
என் மகள் மர்ஜானா படிப்பது
எங்கள் ஆட்கள் எங்களுக்காக நடத்தும் பள்ளியில்,
பகல் ஷிப்ட்.
காலை ஷிப்ட்காரி விட்டுப்போன சூடு
பெஞ்சில் அப்படியே இருக்கும் என்பாள்.
வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர்.
பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.
கட்டணத்தை ஏற்ற அனுமதி வரவில்லை என்றார் போர்டுக்காரர்.
ஏற்றக் கூடாது என்று போன மனுவில்
என் கையெழுத்தும் உண்டு.
உட்கார்ந்துவிட்டேன்.

படிவத்துக்கு வருவோம்.
அறையில் இருப்போர் எண்ணிக்கை?
நாற்பத்தொன்று என்று அடித்தால் கட்டம் சிவக்கிறது.
முப்பதுக்கு மேல் ஏற்காது.
ஒரு வகுப்புக்கு முப்பதே பேர்: நல்ல விதி.
எழுதியவர் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதியிருப்பார்.
மீறினால் கணினி எச்சரிக்கவும்
ஏற்பாடு செய்திருக்கிறார் பாவம்.
அது எச்சரிப்பது என்னை,
ஏசிக்காரனை.

முப்பதைப் போட்டுப் பில்லை அனுப்பு என்கிறது கம்பெனி.
போட்டால் பழைய இயந்திரமே போதும் என்று வரும்.
செப்டம்பரில் மூச்சு வாங்கும்,
புகார் வரும், பொன்னுலிங்கம் ஏணியோடு வருவான்,
'கேஸ் குறைவு' என்று எழுதிக்கொடுப்பான்.
மூன்று வருஷமாக அதைத்தான் எழுதுகிறோம்.
கம்ப்ரசர் சுற்றறிக்கை படிப்பதில்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்று
சிவந்த கட்டத்தைப் பார்த்தார் ஷம்ஸா டீச்சர்.
ஒன்றும் சொல்லவில்லை.
வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு
அடுத்த அறையைத் திறக்கப் போய்விட்டார்.

படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம்.
அதற்கு எல்லை போட மறந்திருக்கிறார்கள்.
மேலே முப்பது என்று போட்டேன், கட்டம் பச்சையானது.
கீழே அடித்தேன்:
கூடுதல் வெப்பம் ஆயிரத்து நூறு வாட்.
பதிவேட்டைத் திறந்தேன். பெயருக்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை,
எழுத்துக் கூட்டினால் போதும்.
முப்பத்தொன்று, லுஜைன்.
முப்பத்திரண்டு, முஹன்னத்.
முப்பத்துமூன்று, ரீமாஸ்.

ஏணியை மடக்கியபடி பொன்னுலிங்கம்,
"அண்ணே, அடுத்த ரூமுக்குப் போவமா?"
"இருப்பா" என்றேன்.
"இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க."